லான் மஞ்சளானால் உடனே டியூபைத் திறக்காதீர்கள்

சென்னை, புதுச்சேரி, நாகை போன்ற கடலோர ஊர்களில் வீட்டு லான் மஞ்சள் தட்டினால், வெயில் வாட்டிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடும். பத்து நாளில் மஞ்சள் திட்டு இரண்டு மடங்காகியிருக்கும். இங்கே புல்லுக்கு வெயிலைவிட ஈர இரவுதான் பெரிய எதிரி.

அருகம்புல், கொரியன் புல், பஃபலோ புல் ஆகிய மூன்றும் வெப்பநாட்டுப் புற்கள். நெல் போன்ற பயிர்களில், சூடு ஏறும்போது ரூபிஸ்கோ என்ற நொதி தடுமாறும். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைப் பிடித்து, செய்த வேலையில் ஒரு பங்கை வீணடிக்கும். இந்தப் புற்கள் அதற்கு வழி வைத்திருக்கின்றன. கார்பனை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உள் செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே கார்பன் டை ஆக்சைடு அடர்த்தியாக இருப்பதால் ரூபிஸ்கோவுக்குக் குழப்பமில்லை. கரும்பிலும் இதே ஏற்பாடுதான். ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1966-இல் இதை விளக்கியது கரும்பை வைத்துத்தான். ஆக, 30 முதல் 35 டிகிரி வெயில் இந்தப் புல்லுக்கு நல்ல வளர்ச்சிக் காலம்.

லானில் மஞ்சள் திட்டு போடும் பூஞ்சைக்கு வேண்டியது வேறு. அதன் இழைகள் இலைக்குள் புக, இலை தொடர்ந்து பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். கடலோரத்தில் பனியே இரவு முழுக்க இலையை நனைத்து வைக்கும். அதற்கு முன்பே, மாலை ஆறு மணிக்கு நாமும் தண்ணீர் தெளித்தால் ஈரம் மறுநாள் எட்டு மணி வரை நீள்கிறது. அதே தண்ணீரை விடிகாலையில் விட்டால் இலைமேல் இருக்கும் பனித்துளியும் கழுவிப் போகும், வெயில் ஏறியதும் இலை உலர்ந்துவிடும். அளவு மாறவில்லை, நேரம்தான் மாறியது. நோயைக் குறைக்க இது அவ்வளவு முக்கியம்.

அளவைப் பொறுத்தவரை, கோடையில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் போதும். சதுர மீட்டருக்கு 25 லிட்டர்; நூறு சதுர அடிக்குச் சுமார் 230 லிட்டர். தட்டையான அடியுள்ள டப்பாக்கள் சிலவற்றை லானில் வைத்துவிட்டுத் தெளிப்பானை ஓடவிட்டால், எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். களிமண்ணாக இருந்தால் வாரத்தில் இரண்டு முறை, மணலாக இருந்தால் மூன்று முறையாகப் பிரித்து விடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மோசம்: மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே தங்கிவிடும்.

உண்மையிலேயே தாகம் என்றால் புல்லே காட்டிக்கொடுக்கும். பச்சை நிறம் சற்று நீலச் சாம்பலாக மாறும், இலை நீளவாக்கில் சுருளும், நடந்து போன கால்தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். இந்த மூன்றும் இல்லாத மஞ்சளுக்குக் காரணம் வேறு. திட்டின் ஓரத்தில் ஒரு புல் இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடி உறை பழுப்பாகி, அழுகி, சுலபமாகக் கையோடு வந்தால் பூஞ்சை. தண்ணீரைக் குறைத்து, யூரியாவை நிறுத்துங்கள்; தழைச்சத்து ஏறிய இளசான இலைதான் பூஞ்சைக்கு எளிதான இரை. கீழே இருக்கும் பழைய இலைகள் முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறை. நுனியில் வரும் புதிய இலைகள், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புள்ள போர் தண்ணீர் பாயும் லான்களில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை ஏறியதால் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் மெலிதாகத் தெளிக்கலாம். பக்கத்து டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, உடனே கழுவிவிட வேண்டும்.

யூரியா ஒரு தடவைக்கு நூறு சதுர அடிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். மணல் மண்ணில் அதையும் பாதியாகப் பிரித்து இரண்டு தவணையாகப் போடுவது மேல். உலர்ந்த இலைமேல் தூவி உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் விடாவிட்டால் குருணை உட்கார்ந்த இடத்தில் இலையின் நீரை உப்பு உறிஞ்சிக் கருக்கிவிடும். மிச்சம் அம்மோனியாவாகிக் காற்றோடு போகும்.

இனி வெட்டு. புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி இருக்கிறது, இலை அடியிலிருந்து நீள்கிறது. அதனால்தான் ஆடு மேய்ந்தாலும் மெஷின் ஓடினாலும் அது சாவதில்லை. ஆனால் வெட்டுப்பட்டதும் வேரில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கிரைடர் என்பவர் அமெரிக்க வேளாண் துறையில் 1955-இல் வெளியிட்ட சோதனைகளில், இலைப்பரப்பில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வெட்டினால் வேர் வளர்ச்சி நின்றே போவதைக் காட்டினார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே என்ற விதிக்கு இதுவே பலம். 4 சென்டிமீட்டரில் பராமரிக்கிற லானை 6 வந்ததும் வெட்ட வேண்டும். அருகம்புல்லுக்கும் கொரியன் புல்லுக்கும் 3 முதல் 4 சென்டிமீட்டர் சரி. பஃபலோ புல்லை 7-க்குக் கீழே இறக்கக் கூடாது. அதன் ஓடுதண்டு மண்ணுக்கு மேலேயே படர்வதால் பிளேடு தண்டையே சீவிவிடும்.

ஐப்பசி மழையில் இரண்டு வாரம் வெட்டாமல் போவது சாதாரணம். புல் நன்றாக உயர்ந்திருக்கும். ஒரே நாளில் பழைய உயரத்துக்கு இறக்கினால், உள்ளே வெளிச்சம் படாத வைக்கோல் நிறத் தண்டுதான் வெளியே தெரியும். அதைப் பார்த்து உரம் போடுவதில் பயனில்லை. நாலைந்து நாள் இடைவெளி விட்டு, படிப்படியாக இறக்குங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து, லான் முழுக்க வெள்ளை பூத்த மாதிரி தெரியும். பலர் அதையும் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள்.

மரநிழலில் அருகம்புல்லை வளர்க்கப் போராடுவது வீண். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் அதற்கு வேண்டும். வேப்பமரத்தடியில் பஃபலோ புல் ஓரளவு தாங்கும். அதுவும் மெலிந்தால் அந்த இடத்துக்கு ஜல்லியோ நிழல் செடியோதான் பொருத்தம்.

கடைசியாகக் கோரை. நலங்கு மாவுக்கு வாசனை தருகிற அதே கிழங்குதான் லானின் தீராத தொல்லை. மண்ணுக்கடியில் கிழங்குகள் சரம் சரமாகக் கோத்திருக்கும். முனைக் கிழங்கு உயிரோடிருக்கும்வரை மற்றவற்றின் மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். தழையைப் பிடுங்கினால் சரம் அறுந்து, உறங்கியவை முளைத்துவிடும். ஒன்று நான்காகப் பெருகுவது அப்படித்தான். பெரும்பாலும் லான் போட லாரியில் வரும் செம்மண்ணோடும் மக்காத எருவோடும்தான் இது வருகிறது. எனவே புல் நடும் முன்பே, கோடையில் ஓர் அடி ஆழம் கொத்திப் போட்டு, கிழங்கைப் பொறுக்கி எடுப்பது நல்லது. பொறுக்கியதை எருக்குழியில் போட்டால் அங்கிருந்தே மறுபடி லானுக்கு வந்து சேரும். சிமெண்டுத் தரையில் பரப்பி, கையில் நசுக்கினால் பொடியாகும் வரை காயவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.