கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் காபி போடும் விதமும்

காரைக்குடிப் பக்கம் என்னிடம் வருபவர்களில் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். லீவில் வரும்போது பெட்டியில் பிரெஞ்ச் பிரஸ்ஸோ மோக்கா பாட்டோ என்று ஏதாவது ஒரு காபி போடும் சாதனம் வந்துவிடுகிறது. விதவிதமாகக் காபி போட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் "எண்ணெயைக் குறைச்சுட்டேன், நெய்யைத் தொடுறதே இல்லை, அப்புறமும் ஏன் டாக்டர் கொலஸ்ட்ரால் ஏறுது?" என்று கேட்பவர்களிடம், வீட்டில் காபி எப்படிப் போடுகிறீர்கள் என்று கட்டாயம் விசாரிப்பேன்.

காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு பொருட்கள் உண்டு. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை ஏற்றிவிடுபவை. டம்ளருக்குள் அவை எவ்வளவு இறங்கும் என்பது வடிகட்டும் விதத்தில் இருக்கிறது. நார்வேயின் ட்ரோம்சோ ஊரில் நடந்த ஆய்வு, காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று 1983-ல் சொன்னது. பொடியைக் கொதிக்கவிட்டு, மண்டி தங்கியதும் தெளிவை அப்படியே ஊற்றிக் குடிப்பது அப்போது அந்தப் பக்கத்து வழக்கம்.

பிரெஞ்ச் பிரஸ்ஸும் ஏறக்குறைய அதே முறைதான். பொடி சில நிமிஷம் வெந்நீரில் ஊறுகிறது. கம்பி வலை சக்கையை மட்டும் கீழே அழுத்துகிறது, எண்ணெயை விட்டுவிடுகிறது. கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மேலே மெல்லிய பளபளப்பு மிதக்கும். காகித வடிகட்டியில் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். துணியும் நன்றாகவே தடுக்கும். சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்களுக்கு அந்தத் துணிப்பைக் காபி தெரிந்திருக்கும்.

"அப்ப நம்ம பில்டர் காபியையும் விடணுமா தம்பி?" என்பார்கள் ஆச்சிமார்கள். வேண்டாம் ஆச்சி. பில்டரில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதால், அமர்ந்திருக்கும் பொடியே எண்ணெயை ஓரளவு பிடித்துக்கொள்ளும். காகிதம் அளவுக்குத் தடுக்காதுதான். இருந்தாலும் காலையும் மாலையும் ஒரு டம்ளர் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். அதில் போடும் சர்க்கரையைத்தான் கேட்பேன். அவசரத்துக்குப் பாத்திரத்தில் பொடியைக் கொதிக்கவிட்டு டீ வடிகட்டியில் வடிப்பதைத்தான் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. நம் கடைப் பொடியில் சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கலாம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. புதுச் சாதனத்துக்காகக் கலப்பில்லாத பொடி வாங்கி அதே கரண்டிக் கணக்கில் போட்டால், கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடக்கூடும். திடீர்ப் படபடப்பு, தூக்கம் வராமை என்று வருபவர்களிடம் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனே உச்சவரம்பு. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் காபி குடிக்க வேண்டாம். இரும்பு உடம்பில் ஏறுவதை அது குறைத்துவிடும்.

கொலஸ்ட்ரால் எல்லையில் நிற்கிறது, பிரஸ் காபியையும் தினம் நாலைந்து கோப்பை குடிக்கிறீர்கள் என்றால், அந்தக் காபியையே காகிதத்தில் வடித்துக் குடியுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அதுவரை கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.