வில் இருக்க 'இடைநீக்கம்' எதற்கு?

'பின்புற இடைநீக்கத்தையும் வேறுபாட்டையும் மேம்படுத்துதல்' என்று ஒரு தலைப்பு. 1962இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய மொழிபெயர்ப்பு அது. கும்பகோணத்தில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் படித்துவிட்டு, "யாரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. தமிழில் இடைநீக்கம் என்றால் வேலையிலிருந்து நிறுத்திவைப்பதுதான்.

ஆங்கிலத்தில் அது சஸ்பென்ஷன்; குலுக்கல் தெரியாமல் வண்டியைச் சக்கரங்களின் மேல் தாங்கும் அமைப்பு. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்கவிடுதல் என்று பொருள். பழைய ஐரோப்பியக் குதிரைவண்டிகளின் கூண்டு தோல்வாரில் தொங்கியது.

அதைப் பிடித்துக்கொண்டு 'தொங்கல்' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு இதில்தான் ஆத்திரம். தோல்வார் எப்போதோ போய்விட்டது. எம்ஜிபியின் பின் அச்சில் இருப்பது பட்டைவில். அது பாரத்தைத் தாங்குகிறது. நம் பக்கத்தில் முந்தானைக்குத் தொங்கல் உண்டு, முடியாத வழக்கும் தொங்கலில் கிடக்கும். வண்டிக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? வேர்ச்சொல்லைப் பெயர்ப்பவர்கள் பொருளைப் பார்ப்பதே இல்லை.

தஞ்சை மிராசுதார்கள் எதில் போனார்கள்? வில்வண்டியில். நெல்மூட்டை ஏற்றும் கட்டைவண்டி வரப்பு மேட்டில் ஏறினால் எலும்பு நொறுங்கும். வில்வண்டியில் எஃகுப் பட்டைகள் வளைந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பெயர் வைத்தவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர். ஆகவே 'வில்லமைப்பு' என்பதே என் துணிபு. பட்டை எல்லா வண்டியிலும் இல்லையே என்பார்கள். சுருள்வில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. காற்று அடைத்த பையானாலும் காற்றுவில் என்றால் யாருக்கும் புரியும்.

அடுத்தது 'வேறுபாடு'. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும்; இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிப்ரன்ஷியல். 1820களின் பிற்பகுதியில் பிரான்சின் பெக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றார். மன்னார்குடி வயலில் ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழன்றால் டிராக்டர்காரர் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிப்ரன்ஷியல் லாக்கை மிதிக்கிறார். அவரிடம் போய் 'வேறுபாட்டுப் பூட்டு' என்றால் என்ன விளங்கும்? நல்ல சொல் அமையும்வரை டிப்ரன்ஷியல் என்றே இருக்கட்டும்.

அந்தத் தலைப்பை மச்சானுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'பின் வில்லமைப்பையும் டிப்ரன்ஷியலையும் மாற்றுதல்.' எந்த வில் போடுகிறார்கள் என்று உடனே கேட்டார்.