முன்னால் அப்பா, பின்னால் பிள்ளை

லீவுக்கு வரும் மகனோ மகளோ "வாங்கப்பா, சைக்கிள்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கிளப்புவது புதுச்சேரியில் இப்போது சகஜம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத ஊர், வாடகைக்கும் சைக்கிள் கிடைக்கிறது. பிறகு முட்டி வலியோடு பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் விசாரித்தால், போன தூரம் ஒன்றும் பெரிதாக இருக்காது. வேகம்தான் அவர்களுடையதாக இருந்திருக்காது.

பிள்ளை முன்னால் போனால் அப்பா விரட்டிக்கொண்டே வருவார். மூச்சு வாங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்கிற அப்பாக்கள் குறைவு. அவரை முன்னால் விட்டு, நீங்கள் சற்று வலப்புறமாக, இரண்டு சைக்கிள் நீளம் பின்தங்கி வாருங்கள். பின்னால் வரும் வண்டிகள் உங்களை ஒதுங்கித்தான் அவரைத் தாண்டும். அவ்வப்போது பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி; இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் நிறுத்த வேண்டியதுதான். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை நம்பாதீர்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபுரோலால், அட்டெனோலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்பு களைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

வயதானவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறுவதே அதிகம். குறுக்குக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட இடுப்பு இடம் கொடுக்காது. லேடீஸ் சைக்கிளே கேட்டு வாங்குங்கள். அப்பா முகம் சுளிப்பார், பரவாயில்லை. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதித்தால் முட்டி நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். பல வருஷம் கழித்து ஏறுபவருக்கு முதல் நாள் மட்டும் கால் தரையில் ஊன்றும்படி இறக்கி வைக்கலாம். அப்படியே விட்டுவிட்டால் அழுத்தமெல்லாம் முட்டிச்சில்லுக்குத்தான் போகும். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் ஹேண்டில்பார் சீட்டைவிட உயரமாக இருக்கட்டும், வலப்பக்கம் ஒரு கண்ணாடியும் மாட்டுங்கள். தலையைத் திருப்பிப் பார்த்தால் கையும் கூடவே திரும்பி, சைக்கிள் நடுரோட்டுக்குப் போய்விடும். உப்புக்காற்றில் பிரேக் கேபிள் துருப்பிடிக்கும். லீவரை அழுத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பார்த்த பிறகே ஏறுங்கள். வேட்டி என்றால் செயின் கவர் இல்லாத சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

முதல் நாளுக்கு 20 நிமிஷம் போதும். கடற்கரைச் சாலை மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும் என்றாலும் நடப்பவர்கள் கூட்டம் நெரியும். விடிந்ததும் டூமா வீதி, ரொமெய்ன் ரோலண்ட் வீதிப் பக்கம் போவது நிம்மதி. திருப்பங்களில் மணல் கிடந்தால், திரும்புவதற்கு முன்பே பிரேக் பிடித்துவிட வேண்டும்; திரும்பும்போது பிடித்தால் சறுக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவரை வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், ஹேண்டில்பார் ஆடும். பாண்டிச்சேரிப் புழுக்கத்தில் அந்த வியர்வையை யாரும் சந்தேகப்படுவதில்லை! உடனே இறங்கி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிஷம் உட்கார வையுங்கள். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் வேலை செய்யத் தாமதமாகும். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கு மறுபடி சைக்கிள் வேண்டாம், ஆட்டோவில் வீட்டுக்குப் போகலாம். நெஞ்சை அழுத்துகிறது என்றால் யோசிக்காமல் 108.

மறுநாள் முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டை அரை சென்டிமீட்டர் ஏற்றுங்கள். பின்பக்கம் வலித்தால் அதே அளவு இறக்குங்கள். இரண்டு நாளாகியும் வலி விடவில்லை, அல்லது முட்டி வீங்கியிருக்கிறது என்றால் காட்டிவிட்டு அப்புறம் ஏறலாம்.