நள்ளிரவு 12.20 எந்த நாளைச் சேர்ந்தது?

டிக்கெட்டில் 'சனிக்கிழமை, 12.20 ஏ.எம்.' என்று இருந்தது. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு நிதானமாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தேன். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நேற்று இரவே போய்விட்டதே, சார்" என்றார். தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த 12-க்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

ஏ.எம். என்பது 'ஆன்டே மெரிடியம்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். உச்சிப்பொழுதுக்கு முன் என்று பொருள். பி.எம். என்றால் உச்சிக்குப் பின். அப்படியானால் பகல் 12 மணி எது? உச்சிப்பொழுது தனக்கே முன்னாலும் இருக்க முடியாது, பின்னாலும் இருக்க முடியாது. நள்ளிரவின் சிக்கல் நேர்மாறானது: போன உச்சிக்கு 12 மணி நேரம் பின், வரும் உச்சிக்கு 12 மணி நேரம் முன். இரண்டு பெயரும் பொருந்தும். பகல் 12 தாண்டிய அடுத்த நொடியே பி.எம். ஆகிவிடுவதால், 12.00-ஐயும் அதோடு சேர்த்துவிடுவது வழக்கமாயிற்று, நள்ளிரவு ஏ.எம். பக்கம் போனது. பூஜ்யம் உட்கார வேண்டிய நாற்காலியில் 12 உட்கார்ந்திருப்பதால் வந்த வினை இது.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் 11.59 பி.எம். அல்லது 12.01 ஏ.எம். என்று ஒரு நிமிடம் தள்ளி எழுதித் தப்பித்துக்கொள்கின்றன. நம் ரயில்வே 24 மணிக் கணக்கில் 00.20 என்று அச்சிடுகிறது. அதில் ஏ.எம். தகராறு இல்லை. ஆனால் தூங்கி எழுந்தால்தான் மறுநாள் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களை அதுவும் காப்பாற்றாது.

உச்சிப்பொழுதுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'நூன்' என்ற சொல்லே இடம் பெயர்ந்து வந்ததுதான். ரோமானியர்கள் சூரிய உதயத்திலிருந்து அந்தி வரை பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். அதில் ஒன்பதாவது மணி 'நோனா'. நம் கணக்கில் ஏறத்தாழ பிற்பகல் மூன்று. கிறிஸ்தவ மடங்களில் அந்த நேரத்துக்கு ஒரு வழிபாடு உண்டு. நோன்பு நாட்களில் அதற்குப் பிறகுதான் சாப்பாடு. பசி தாங்காமல் வழிபாட்டை மெல்ல மெல்ல முன்னதாக நகர்த்திவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். காரணம் எதுவானாலும், இடைக்காலத்திலேயே 'நூன்' நடுப்பகலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பது என்று பொருள்படும் சொல்லால் பன்னிரண்டைக் குறிக்கிறோம்!

அடுத்து கால், அரை, முக்கால். 4.45-ஐ நாம் 'நாலே முக்கால்' என்போம். முடிந்த நாலைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சேர்ந்ததை எண்ணுகிறோம். ஆங்கிலம் அப்போதே ஐந்தை எட்டிப் பார்க்கிறது: 'குவார்ட்டர் டு ஃபைவ்', அதாவது ஐந்துக்கு இன்னும் கால் மணி. அமெரிக்கர்கள் சிலர் இதையே 'குவார்ட்டர் ஆஃப் ஃபைவ்' என்பார்கள். கேட்பவர் ஐந்தேகால் என்று நினைத்தால் அரை மணி நேரம் தாமதம். பிரிட்டனில் 'ஹாஃப் ஃபைவ்' என்றால் ஐந்தரை. ஜெர்மன் மொழியில் கிட்டத்தட்ட அதே சொற்களான 'ஹால்ப் ஃபுன்ஃப்' நாலரையைக் குறிக்கும், ஐந்தாவது மணியில் பாதிதானே ஆகியிருக்கிறது என்ற கணக்கில். யார் கணக்கும் தப்பில்லை. எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு.

இந்த 'எங்கே நின்று எண்ணுகிறோம்' என்பதை உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்', அதாவது முன்னே நகர்த்தப்பட்டது என்றால், கூட்டம் என்றைக்கு? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே திங்கள் என்றும் வெள்ளி என்றும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். காலம் நம்மை நோக்கி வருகிறது என்று எண்ணினால் திங்கள். நாம் காலத்துக்குள் நடந்து போகிறோம் என்று எண்ணினால் வெள்ளி. லெரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கேள்வியை விமான நிலையத்திலும் கேட்டார்கள். யாரையோ அழைத்துப்போகக் காத்து நின்றவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று சொன்னது அதிகம். உடல் போன திசையில் காலமும் போயிருக்கிறது.

தமிழும் இதில் சளைத்ததல்ல. முன்னோர் என்றால் போய்ச் சேர்ந்தவர்கள். முன்னேறுவதோ இனி வரப்போவதை நோக்கி. இந்திய ஆங்கிலத்தில் மட்டும் ஒரு தெளிவான சொல் இருக்கிறது: 'பிரீபோன்'. கூட்டத்தை இரண்டு நாள் பிரீபோன் செய்தால் அது திங்கள்கிழமைதான், சண்டையே இல்லை. அதைக் கொச்சை ஆங்கிலம் என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் அந்தப் புதன்கிழமைக் கேள்வியைக் கேட்பது வழக்கம்.