கழற்றத் தெரிந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்

கிளிப்லெஸ், அதாவது ‘கிளிப் இல்லாத’ சைக்கிள் பெடல் என்று பெயர். ஆனால் ஷூவை வைத்து மிதித்ததும் ‘க்ளிக்’ என்று மாட்டிக்கொள்கிறது. புதிதாக வாங்குகிறவருக்குக் குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடும். பழைய பந்தய சைக்கிள்களில் பெடலுக்கு முன்னால் ஒரு கூடு இருக்கும். பாதத்தை அதற்குள் நுழைத்து, மேலே தோல் வாரை இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூடுதான் டோ கிளிப். அது இல்லாததால் இது கிளிப்லெஸ்.

கூட்டுக்குப் பதிலாக வந்த யோசனை பனிச்சறுக்கிலிருந்து வந்தது. சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்திருக்கும் பூட்டு, ஆள் விழும்போது விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கால் முறியும். அந்தப் பூட்டுகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், 1984-ல் அதே உத்தியில் பெடல் செய்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார்.

ஷூவின் அடியில் திருகியிருக்கும் சின்னத் தகட்டுக்குப் பெயர் க்ளீட். அதன் மூக்கு முதலில் பெடலின் முன்கொக்கிக்குள் நுழைகிறது. அப்புறம் மிதித்தால், அதன் பின்பகுதி ஸ்பிரிங் வைத்த பின்கொக்கியைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும். இறங்கியதும் கொக்கி மேலே மூடிக்கொள்ளும். இனி காலை நேராக மேலே இழுத்தால் வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால், க்ளீட்டின் சரிந்த விளிம்பு ஆப்பு மாதிரி கொக்கியைத் தள்ளித் திறந்துவிடும். சூட்சுமம் அவ்வளவுதான். சிக்கலும் அதில்தான். பதற்றத்தில் கால் தானாக மேலேதான் இழுக்கும், திரும்பாது.

நான் முதல் வாரத்தில் விழுந்தது ஓட்டும்போது அல்ல, நின்ற பிறகு. சிக்னலில் ஒழுங்காக இடது காலைக் கழற்றினேன், வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. முழங்கை சிராய்த்ததைவிடப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்ததுதான் வலித்தது.

அதனால் புதியவர் எதை வாங்குவது என்று கேட்டால், எது எளிதாகக் கழலுமோ அது என்பேன். சந்தையில் அதிகம் கிடைப்பவை இரண்டு வகை. இரண்டு திருகில் நிற்கும் சின்ன உலோக க்ளீட் ஒன்று; ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 1990-ல் கொண்டுவந்த எஸ்பிடி இந்த வகை. க்ளீட் ஷூவின் அடியில் உள்ள பள்ளத்துக்குள் ஒடுங்கிவிடுவதால் சாதாரணமாக நடக்கலாம். பெடலிலும் பெரும்பாலும் இருபுறமும் மாட்ட முடியும். மற்றது மூன்று திருகில் நிற்கும் அகலமான பிளாஸ்டிக் க்ளீட், ரோடு பைக்காரர்களுடையது. பாதத்துக்கு அகலமான பிடிமானம் தரும், எடையும் குறைவு. ஆனால் வாத்து மாதிரிதான் நடக்க வேண்டும், பெடலிலும் ஒரு பக்கம்தான் மாட்டும். முதல் ஜோடிக்கு இரண்டு திருகு வகையே போதும்.

அந்த வகையிலேயே இன்னொரு வசதி உண்டு. எஸ்பிடியில் எஸ்எச்51 க்ளீட் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். எஸ்எச்56 பல திசைகளில் கழலும், பதறி மேலே இழுத்தாலும் விட்டுவிடும். வேகமாக மிதிக்கையில் தப்பித் தவறிக் கழன்றுவிடக்கூடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. பெடலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்ற ஒரு குட்டித் திருகும் இருக்கும். வாங்கியதும் ஆலன் சாவியால் இறுக்கத்தை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்திவிடுங்கள்.

மாட்டிய பிறகும் குதிகால் கொஞ்சம் இப்படி அப்படி அசைய இடம் இருக்க வேண்டும். இதை ஃப்ளோட் என்பார்கள். ஷிமானோவின் மூன்று திருகு க்ளீட்டில் மஞ்சள் நிறத்துக்கு 6 டிகிரி, நீலத்துக்கு 2, சிவப்புக்குச் சுத்தமாக இல்லை. நம் கால்கள் வார்ப்பில் ஊற்றியது போல நேராக இருப்பதில்லை. அசையவே இடமில்லாமல் கோணலாகப் பூட்டினால், ஆயிரக்கணக்கான சுற்றுகளின் முறுக்கலை முழங்கால்தான் வாங்கும்.

காலை மேலே இழுத்துக் கூடுதல் பலம் பெறலாம் என்று சொல்லி விற்பார்கள். சீராக ஓட்டும்போது சைக்கிளைத் தள்ளுவது பெரும்பாலும் கீழ்நோக்கிய மிதிதான். மேலே வரும் கால் தன் எடையைப் பெடலில் சுமத்தாமல் இருந்தாலே பெரிது. உண்மையான லாபம், மேடுபள்ளத்திலும் வேகமான சுற்றிலும் பாதம் நழுவாமல் ஒரே இடத்தில் நிற்பது.

ஷூவின் அடிப்பாகம் விறைப்பாக இருந்தால் மிதிக்கும் அழுத்தம் பாதம் முழுக்கப் பரவும். தொளதொளவென்று வளைந்தால் க்ளீட் இருக்கும் இடத்தில் மட்டும் சுடும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல் நுனியில் இடம் வேண்டும், குதிகால் ஷூவுக்குள் எழும்பக்கூடாது. க்ளீட்டைப் பெருவிரல் எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்கு நேர் கீழேயோ, சற்றுப் பின்னாலோ வையுங்கள்.

பெடலைப் பூட்டும்போது, இடது பெடலுக்கு மரை தலைகீழ், எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும் என்பது நினைவிருக்கட்டும். பூட்டிய பிறகு உடனே சாலைக்கு இறங்க வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள், அப்புறம் அடுத்த கால். சாலையில் நிற்பதற்குப் பத்தடி முன்பே ஒரு காலைக் கழற்றிவிட்டு, உடம்பையும் அந்தப் பக்கமே சாயுங்கள்.