'கைக்கா' வேறு, பூத்துக் குலுங்குவது வேறு

மார்ச் பாதி கடந்தால் போதும், தமிழ்ச் செய்திகளில் இந்த வரி வந்துவிடும்: "டோக்கியோவில் செர்ரி மலர்கள் பூத்துக் குலுங்கின." அன்றைக்கு அங்கே குலுங்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஜப்பான் வானிலை முகமை அன்று அறிவித்தது 'கைக்கா'. குறிப்பிட்ட ஒரு மரத்தில் ஐந்தாறு பூ விரிந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மற்றதெல்லாம் மொட்டு.

ஜப்பானிய மொழியில் 'கை' என்றால் திறத்தல், 'கா' என்றால் பூ. இதற்கு அடுத்த கட்டம் 'மன்கை', நிறைய விரிதல். சொற்பிறப்பு இவ்வளவே.

டோக்கியோவுக்கான மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கும் சோமெய் யோஷினோ என்ற செர்ரி வகை. பருவம் நெருங்கியதும் முகமை ஊழியர் வந்து அதே மரத்தில் பூவை எண்ணுவார். அடிமரத்துப் பட்டையிலிருந்து நேரே முளைக்கும் பூ கணக்கில் சேராது. ஐந்தாறு தேறினால் கைக்கா. மொட்டுகளில் சுமார் 80 சதவீதம் விரிந்தால் மன்கை. இந்த வகை ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவது, விதையில் வருவதல்ல; எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல் போல. அதனால்தான் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு தேதிகளை ஒப்பிட முடிகிறது. 2020இல் டோக்கியோவின் கைக்கா மார்ச் 14, பனி விழுந்த நாள். மன்கை மார்ச் 22. 2024இல் மார்ச் 29, ஏப்ரல் 4. 'குலுங்கின' என்ற செய்தியை நம்பி அன்றே போய் இறங்குபவருக்கு மொட்டுக் கிளைதான் மிச்சம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பூப்பு' என்றால் பாடநூலுக்கு வெளியே எவருக்கும் பெண் பூப்பெய்துவதுதான் நினைவுக்கு வரும். 'மலர்ச்சி'யில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. 'பூவெடுப்பு' எனலாமே என்றால், காது குளிரத்தான் செய்கிறது. ஆனால் தோப்புக்காரர் "மா பூ எடுத்திருக்கு" என்னும்போது பூங்கொத்து வெளியே வந்துவிட்டது என்கிறார். ஓர் அரும்புகூட விரிந்திருக்க வேண்டியதில்லை. கைக்காவுக்கோ விரிவதுதான் அளவுகோல். 'கன்னிப்பூ' இதைவிடப் பிழை. கன்னிக்காய் என்பது இளமரம் வாழ்நாளில் முதன்முதல் விடும் காய். யாசுகுனி மரம் ஆண்டுதோறும் பூப்பது, அதற்கு எங்கிருந்து வரும் கன்னிப்பூ?

என் முடிவு 'முதற்பூ'. ஒரு பூதானே என்று சிலர் மடக்கலாம். முதல் மழை என்றால் ஒற்றைத் துளியா? மன்கைக்கு 'நிறைபூ' போதும். 'பூத்துக் குலுங்கின' என்றே எழுத ஆசையா, அந்த நாளுக்கு எழுதுங்கள், பொருந்தும்.

சொல் இல்லாத மொழியல்ல இது. "காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்" என்று ஒரே குறளில் மூன்று நிலை வருகிறது. கைக்கா நிற்பது போதுக்கும் மலருக்கும் நடுக்கோட்டில். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என்று பிரித்துச் சொன்ன மொழியில் எழுதிக்கொண்டு, ஆங்கிலச் செய்தியின் 'ப்ளூம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் கைக்குக் கிடைத்த தேய்வழக்கைப் போடுகிறார்கள். எத்தனை பூ, எந்த மரம், எந்தக் கட்டம் என்று மூலச் செய்தியிலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டு மொழிபெயர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.