ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பெங்களூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். வேலை போய்விட்டது என்று வரும் நம்மூர்க்காரர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: கம்பெனி நீக்கியதா, நீங்களே எழுதிக் கொடுத்தீர்களா? எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று தலைகுனிந்து சொல்பவர்கள் ரொம்பப் பேர், வழக்கு அங்கேயே பாதி பலம் இழந்துவிடுகிறது.

பொம்மசந்திராவில் சிஎன்சி (கணினி மூலம் இயங்கும் மெஷின்) ஆபரேட்டராக இருந்த தர்மபுரித் தம்பி ஒருவரை ஷிப்ட் முடியும் நேரத்தில் ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு, போனை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே டைப் அடித்த தாளை நீட்டியிருக்கிறார்கள். சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "தம்பி, போட்டுடு, இல்லன்னா டெர்மினேஷன்னு எழுதுவோம், பிஎஃப் கூட வராது." போட்டுவிட்டார். பிஎஃப் அவருடைய பணம், அதை நிறுத்த எந்தக் கம்பெனிக்கும் அதிகாரம் கிடையாது. நல்லவேளை, அன்று இரவே அக்கா சொன்னதைக் கேட்டு, "இது மிரட்டி வாங்கிய கையெழுத்து, ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் இப்போது அதுதான்.

யாரையும் நீக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. திருட்டு, அடிதடி, சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி லீவு, இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் காரணம் இருந்தால் மட்டும் போதாது, குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், உள்விசாரணை வைத்து கம்பெனி சாட்சிகளைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். ஆர்டர் இல்லை, ஆள் குறைக்கிறோம் என்றால் வழி வேறு: 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம். பொதுவாக, கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்புக்காக நீக்குவது சட்டவிரோதம், அப்படியும் செய்கிறார்கள் என்பது கொடுமை.

ஐடி ஆட்கள் இதெல்லாம் ஃபேக்டரிக்காரர்களுக்குத்தான் என்று நினைக்கிறார்கள். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பது கணக்கில்லை, தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். நிஜமாகவே நிர்வாகப் பொறுப்பு என்றால் தொழிலாளி என்ற இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, வேலை ஒப்பந்தத்தை வைத்து சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

தவறாக நீக்கப்பட்டவருக்குப் வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தோடு வேலையைத் திருப்பிக் கொடுப்பதே பொதுவான நியதி என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீபாலி சுர்வசே வழக்கில் சொன்னது. நடைமுறையில் வேலைக்குப் பதிலாக இழப்பீடு மட்டும் கொடுத்து முடிக்கும் தீர்ப்புகளும் வருகின்றன, அதனால் வருகிறவர்களிடம் பெரிய நம்பிக்கை எதையும் நான் கொடுப்பதில்லை.

நாள் கடத்தாதீர்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, நீக்கத்தை எதிர்த்து மனு கொடுக்க முன்பு 3 ஆண்டாக இருந்த கெடுவை 2 ஆண்டாகக் குறைத்துவிட்டது. சம்பளச் சீட்டு, ஐடி கார்டு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாளில் அங்கே முடியாவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்கே போகலாம்.